பாண்காரி தங்கை வீட்டில் இருக்கிறாள்

அன்பு மகனே,

முதலில் என் எழுத்தைப் பொறுத்துக்கொள். கோடு போட்ட தாள்தான் வாங்கினேன். ஆனாலும் எழுத்துகள் கோட்டில் நிற்க மறுக்கின்றன. சில மேலே ஏறுகின்றன, சில கீழே தொங்குகின்றன. பேனாவை இறுக்கிப் பிடித்தால் தாள் கிழிகிறது, தளர்த்தினால் எழுத்து ஓடிவிடுகிறது. இந்தப் பக்கத்தை ஏற்கெனவே எழுதிக் கிழித்து மறுபடி எழுதுகிறேன். என்னுடைய 'ஞ'வைப் பார்த்துவிட்டு ரீச்சர், "ஐயா, இது எழுத்தோ, முறுக்கோ?" என்று கேட்டார். "முறுக்கெண்டால் தின்னலாம் ரீச்சர். இதைத் தின்னவும் ஏலாது" என்றேன். உன் அம்மா தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பை நீ கேட்டிருக்க வேண்டும். ரீச்சரை உனக்குத் தெரியாது. ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர், இப்போது இங்கே மொன்றியலில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பக்கம் மகளோடு இருக்கிறார். சனிக்கிழமைகளில் அவருடைய சமையலறை மேசையில் நானும் அம்மாவும் போய் உட்காருவோம். அம்மா கதைக்க வருவார், நான் படிக்க வருவேன். பள்ளிக்கூடத்தின் பக்கமே போகாதவன் இந்த வயதில் உனக்குக் கடிதம் எழுதுகிறேன், தம்பி! அதை நினைக்க எனக்கே சிரிப்பு வருகிறது. நடுவில் நிறுத்தி நிறுத்தி, எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்க்கிறேன். நான் எழுதியதை நானே வாசிக்கும்போது யாரோ ஒரு பெரிய மனிதர் எனக்கு எழுதியது போல இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் சொன்னதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். "அப்பா, நான் அந்தப் படத்தை விடப்போறன்" என்றாய். ஏன் ராசா என்றேன். "கதையின்ர முடிவை மாத்தாமல் எடுத்தால் படம் நிக்காது. மாத்தினால் எழுதினவருக்குச் செய்யிற துரோகம். அவர் உயிரோடையும் இல்லை. ஆரிட்டக் கேக்கிறது?" என்றாய். மாத முடிவுக்குள் தயாரிப்பாளருக்கு ஒரு முடிவு சொல்லியாக வேண்டும் என்றும் சொன்னாய். நான் வாயைத் திறக்கும் முன்பே அம்மா தொலைபேசியைப் பறித்து, குளிருக்குக் காதை மூடுகிறாயா, இரவில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்கத் தொடங்கிவிட்டார். அதோடு தொலைபேசி அட்டையில் காசும் முடிந்து லைன் அறுந்தது. சொல்ல நினைத்தது நெஞ்சுக்குள்ளேயே நின்றுவிட்டது. முந்தைய காலம் என்றால் அது அங்கேயே கிடந்து மங்கிப் போயிருக்கும். இப்போது என் கையில் பேனா இருக்கிறது. அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன், பொறுமையாக வாசி.

அந்தச் சின்னத் திரையரங்கை நீ மறந்திருக்க மாட்டாய். நான் அங்கே கூட்டித் துடைத்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் வெளிநாட்டுப் படங்கள் போடுவார்கள். அம்மாவுக்கு டோர்வலில், விமானத்துக்குச் சாப்பாடு அடுக்கும் இடத்தில் ஞாயிறும் வேலை. உன்னை வீட்டில் தனியே விட முடியாமல் என்னோடு கூட்டிக்கொண்டு போவேன். வேலை செய்கிறவர்கள் சும்மா உட்கார்ந்து பார்க்கலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். அப்படித்தான் நம் ஜெர்மன் ஐயாவின் படங்கள் நமக்குப் பழக்கமாயின. அவருடைய பெயரை எனக்குச் சரியாகச் சொல்ல வராது என்பதால், வீட்டில் அவர் எப்போதும் ஜெர்மன் ஐயாதான். கதை பேசுவது ஜெர்மன் மொழியில். கீழே எழுத்து ஓடுவது பிரெஞ்சில். எனக்கு இரண்டும் இருட்டு. நீ என் பக்கத்து இருக்கையில் முழங்காலில் நின்றுகொண்டு, ஒரு கையால் என் தோளைப் பிடித்து, ஓடுகிற எழுத்தைத் தமிழாக்கி என் காதுக்குள் சொல்வாய். பின்வரிசைக்காரர்கள் "உஷ்" என்றால் இன்னும் நெருக்கி வந்து, காது கூசக் கூசச் சொல்வாய். உன் மூச்சில் சோளப்பொரி மணக்கும். அம்மா கேட்பார்: "விளங்காத பாசையில படம் பார்த்து என்னத்தைக் கண்டியள்?" நான் சொல்வேன்: "எனக்கு விளங்குது. என்ர காதுக்குள்ள ஒரு ஆள் இருக்கிறார்."

அந்த மனிதரின் படங்கள் எல்லாமே புத்தகங்களிலிருந்து எடுத்தவை என்று நீதான் எனக்கு முதலில் சொன்னாய். படம் தொடங்குமுன் திரையில் ஒரு புத்தகத்தின் பெயர் வரும், அதை எழுதியவரின் பெயர் வரும், அதற்குப் பிறகுதான் சின்னதாக அவர் பெயர் வரும். மரியாதை தெரிந்த ஆள் என்று அப்போதே நினைத்தேன். எல்லாப் படமும் நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு பெரிய நாவலை வரி விடாமல் எடுத்திருந்தார், நினைவிருக்கிறதா? படம் முடியும்போது அரங்கில் இருந்தது நாமும், குறட்டை விட்ட ஒரு கிழவரும்தான். நீயே சொல்வதை நிறுத்திவிட்டு என் மடியில் தூங்கிப்போனாய். இன்னொன்றில், பிரிந்த காதலர்களைக் கடைசியில் இழுத்துவந்து கல்யாணம் கட்டிவைத்தார். அதற்கு அரங்கம் நிறைந்தது. ஆனால் வெளியே போன முகங்களில் ஒன்றும் இல்லை, பஸ்ஸுக்குப் போகிற முகங்கள் போலத்தான் இருந்தன. அந்த இரண்டுக்கும் முன்னால், இள வயதில் அவர் எடுத்த முதல் படம்தான் எனக்கு உயிர். கறுப்பு வெள்ளைப் படம். பாண்காரியின் படம்.

ஊரில் பாண் போறணையில், ரொட்டி சுடுகிற அடுப்படியில், வேலை செய்தவன் நான். மாவும் நெருப்பும் எனக்குத் தெரிந்த சங்கதி. அதனால் அந்தப் படத்தில் அவள் மாவைப் பிசைந்து போறணைக்குள் தள்ளும்போதெல்லாம் என் கையும் சேர்ந்து அசையும். அணை கட்டுவதற்காக ஒரு ஊரையே தண்ணீரில் மூழ்கடிக்கப் போகிறார்கள். எல்லோரும் சாமான்களைக் கட்டிக்கொண்டு லொறிகளில் ஏறுகிறார்கள். பாண்காரி மட்டும் போக மாட்டேன் என்கிறாள். கடைசியில் அவளையும் ஏற்றிவிடுகிறார்கள். பாதி வழியில் யாருக்கும் தெரியாமல் இறங்கித் திரும்பி நடக்கிறாள். அதற்குப் பிறகு அவளைக் காட்டுவதில்லை. தண்ணீர் ஏறுவதையும், போறணையின் புகைபோக்கி மட்டும் கொஞ்ச நேரம் வெளியே தெரிவதையும் காட்டுகிறார். கடைசிக் காட்சியில், வேறு ஒரு பட்டணத்தில், பஸ் தரிப்பிடத்தில் இரண்டு ஆண்கள் நின்று பேசுகிறார்கள். ஒருவர் ஏதோ கேட்கிறார். மற்றவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பதில் சொல்கிறார். படம் முடிகிறது. "என்னவாம், பாண்காரி எங்கையாம்?" என்று உன்னைக் கேட்டேன். நீ கொஞ்சம் தாமதித்துச் சொன்னாய்: "தங்கச்சி வீட்டை போயிட்டாவாம், அப்பா. அங்கையும் பாண் போடுறாவாம்."

அன்று எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லத் தெரியவில்லை. வீடு திரும்பும் வழியில் மூலைக் கடையான தெப்பனரில் ஒரு முழுப் பாண் வாங்கினேன். மெட்ரோவிலேயே பிய்த்து உனக்கும் தந்தேன். நீ ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் கண்ணாடியில் இருட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாய். பசியில்லையாக்கும் என்று நினைத்தேன்.

இனி இந்த வருடத்துக்கு வருகிறேன். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கியதும், குழந்தைகளின் புத்தகம் வேண்டாம், பெரிய ஆட்கள் வாசிக்கிற ஒன்று தாருங்கள் என்று ரீச்சரைக் கேட்டேன். அவருடைய அலுமாரியில், சென்னையில் அச்சடித்த ஒரு மொழிபெயர்ப்பு நாவல் இருந்தது. பின் அட்டையை எழுத்துக் கூட்டி வாசித்தால், அணை, ஊர், பாண் சுடும் ஒரு பெண்! நான் போட்ட சத்தத்தில் ரீச்சரின் மகள் மாடியிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். பனிக்காலம் முழுக்க அதை வாசித்தேன். என் வாழ்க்கையில் முழுதாக வாசித்த முதல் புத்தகம். ஆனால் கடைசிப் பக்கத்தில் அவள் கதவை உள்ளே பூட்டிக்கொண்டு, போறணைக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்காருகிறாள். தண்ணீர் வருகிறது. அவ்வளவுதான். தங்கையும் இல்லை, பட்டணத்தில் பாணும் இல்லை. எழுதியவர் மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. அதே அளவுக்கு நம் ஜெர்மன் ஐயா மேல் மரியாதை கூடியது. புத்தகத்தில் செத்தவளைப் படத்தில் காப்பாற்றியிருக்கிறாரே! இதை எங்கேயாவது கண்டால் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தது நடந்தது. இலையுதிர்காலத்தில் அவரே மொன்றியலுக்கு வந்தார்.

அவருடைய கடைசிப் படத்தைப் போட்டு, பிறகு அவரோடு பேச ஒரு கூட்டம் வைத்திருந்தார்கள். அதே அரங்குதான், இருக்கைகளை மட்டும் மாற்றியிருந்தார்கள். ரீச்சரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவும் வந்தார், அந்த ஆள் எப்படித்தான் இருக்கிறார் பார்ப்போம் என்று. மெலிந்த, உயரமான கிழவர். கைத்தடி. அவர் ஜெர்மனில் பேச, ஒரு பெண் பிரெஞ்சில் சொல்ல, ரீச்சர் என் காதில் தமிழில் சொன்னார். இரண்டு வாய் தாண்டி வந்த பேச்சு, நடுவில் யார் எதை விட்டார்களோ தெரியாது. நாடக அரங்குகளுக்குத் தச்சு வேலை செய்து தொடங்கியவராம். ஏன் ஒருநாளும் சொந்தமாகக் கதை எழுதவில்லை என்று கேட்டார்கள். தான் வாழ்க்கை முழுக்க மற்றவர்களுடைய வீட்டில் வாடகைக்கு இருந்தவன் என்றார். சுவரை இடிக்க உரிமையில்லை, ஆனால் கட்டிலை இழுத்து யன்னலோரம் போடாவிட்டால் அந்த வீட்டில் தூங்க முடியாது என்றார். அம்மா உடனே என் தொடையில் இடித்து, "எங்கட வீட்டுக்காரன் ஒரு ஆணி அடிக்கவே விடமாட்டான், இவருக்கு நல்ல வீட்டுக்காரர் வாய்ச்சிருக்கிறார்" என்றார். முன்வரிசை திரும்பிப் பார்த்தது.

கேள்வி கேட்கலாம் என்றதும் நான் எழுந்து நின்றுவிட்டேன். ரீச்சர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "ஐயா, இருங்கோ. என்ன கேக்கப்போறியள் எண்டு முதல்ல எனக்குச் சொல்லுங்கோ."

"கேள்வி இல்லை ரீச்சர். ஒரு நன்றி. பாண்காரியைச் சாகவிடாமல் விட்டதுக்கு நன்றி எண்டு சொல்லுங்கோ. எழுதினவருக்கு இல்லாத மனசு இவருக்கு இருந்திருக்கு எண்டும் சொல்லுங்கோ."

ரீச்சர் சொன்னார். அந்தப் பெண் சொன்னார். ஜெர்மன் ஐயா நெற்றியைச் சுருக்கி, திரும்பச் சொல்லும்படி கேட்டார். பிறகு மெதுவாக ஏதோ சொன்னார். அரங்கில் கொஞ்சம் சிரிப்பு எழுந்தது. ரீச்சர் என் காதில், "ஐயா, படத்திலையும் அவ செத்துத்தானாம் போறா. கடைசியில அந்த ரெண்டு பேரும் கதைக்கிறது அதைத்தானாம்" என்றார்.

"இல்லை!" என்று நான் சத்தமாகத் தமிழிலேயே சொல்லிவிட்டேன். "தங்கச்சி வீட்டில இருக்கிறா! பாண் போடுறா!"

சிரிப்பு நின்றுவிட்டது. அவர் கைத்தடியை ஊன்றி எழுந்து, உங்களுக்கு யார் அப்படிச் சொன்னது என்று கேட்டார். என்ர மகன் என்றேன். அப்போது எனக்கு வாசிக்கத் தெரியாது, அவன்தான் காதில் சொல்லுவான், பன்னிரண்டு வயதுகூட இருக்காது என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே விசயம் எனக்கு உறைத்தது, தம்பி. நின்ற இடத்திலேயே உறைத்தது. அம்மா என் கையைப் பிடித்து இருக்கையில் உட்காரவைத்தார். அவருக்கும் விளங்கிவிட்டது.

அந்த வாரம் என்ன வாரம் என்று உனக்கு நினைவிருந்ததால்தானே நீ அப்படிச் சொன்னாய்? சண்டைக்குப் பயந்து ஊரே வெளிக்கிட்டு நடந்துகொண்டிருந்தது. என் அக்கா மட்டும் வீட்டை விட்டு வரமாட்டேன் என்று இருந்துவிட்டார் என்று செய்தி வந்திருந்தது. அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. நான் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே தேநீரை ஆறவிட்டுக்கொண்டிருந்ததை நீ பார்த்திருக்கிறாய். அந்த நிலையில் இருக்கிற தகப்பனிடம், ஊரை விட்டுப் போகாத ஒரு பெண் தண்ணீருக்குள் இருந்துவிட்டாள் என்று உன்னால் சொல்ல முடியவில்லை. நீ தாமதித்த அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ஒரு தங்கையை உண்டாக்கினாய், அவளுக்கு ஒரு வீட்டைக் கொடுத்தாய், போறணையையும் மூட்டிவிட்டாய். அந்தப் பாணை நீ ஏன் சாப்பிடவில்லை என்று இத்தனை வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதைச் சாப்பிட்டு நான் எத்தனை நாள் தைரியமாக இருந்தேன் என்பது உனக்குத் தெரியாது. இப்போது தெரிந்துகொள்.

கூட்டம் முடிந்து எல்லோரும் கையெழுத்துக்கு நிற்க, அவர் என்னைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். தன்னுடைய இரண்டு படங்கள் சரியாக வராததை அவரே சொன்னார். வரி விடாமல் எடுத்ததைப் பயத்தில் எடுத்தேன் என்றார், அந்த நாவலை வணங்குகிறவர்கள் திட்டுவார்கள் என்ற பயம். கல்யாணம் கட்டிவைத்ததைக் கைதட்டலுக்காக எடுத்தேன் என்றார். இரண்டிலும் யாருக்குச் சொல்கிறேன் என்பது தனக்குத் தெரியவில்லையாம். "உங்கட மகனுக்கு அது தெரிஞ்சிருக்காம். அவருக்கு முன்னால இருந்தது ஒரேயொரு காதாம்" என்றார் ரீச்சர். மகன் இப்போது என்ன செய்கிறான் என்று கேட்டார். பெர்லினில் படமெடுக்கப் படிக்கிறான், உங்களால்தான் அங்கே போனான் என்றேன். அதற்கு அவர் சொன்னதை ரீச்சர் சிரிப்போடு மொழிபெயர்த்தார்: "அப்ப என்ர படத்தைக் கெடுத்த ஆள் என்ர ஊரிலதான் இருக்கிறார் எண்டு சொல்லுறார்."

இப்போது உன் படத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய அந்தக் கதையை நானே வாசித்தேன். தன் மகள் ஊரைவிட்டுப் போகிற பஸ்ஸுக்குத் தானே மணி அடித்து அனுப்பிவைக்கிற கண்டக்டரின் கதை. அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி, ஒரு வார்த்தையும் பேசாமல் வீட்டுக்கு நடக்கிறாரே, அதோடு முடிகிறது. அம்மாவுக்கும் சமையலறையில் வைத்து எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டினேன். கடைசிப் பக்கத்தில் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். உன்னைப் போல மாற்றிச் சொல்லலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. ஆனால் எனக்கு அந்தத் திறமை இல்லை. இருக்கிற எழுத்தை வாசிக்கவே மூச்சு முட்டுகிறது. இருந்தபடியே வாசித்தேன். அம்மா வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டு, "மணி அடிக்கிற மனுசன், ஒருக்கா அடிக்காமல் விட்டுப் பாத்திருக்கலாமே. பஸ் நிண்டிருக்குமே, ஒரு சொல்லுச் சொல்ல" என்றார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டார். நீ பெர்லினுக்குப் போன நாளில் விமான நிலையத்தில் உன்னிடம் தான் என்ன சொன்னோம் என்று அம்மா அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தார். காதை மூடு என்று மட்டும்தான் சொன்னாராம்.

முடிவை மாற்று என்றோ மாற்றாதே என்றோ நான் சொல்ல மாட்டேன், தம்பி. அது எனக்குத் தெரியாத வேலை. அம்மா சொன்னதை எடுப்பதும் விடுவதும் உன் இஷ்டம். ஆனால் படத்தை விடாதே. செத்துப்போன எழுத்தாளரிடம் கேட்க முடியாது என்றாய். பாண்காரியின் விசயத்தில் நீ யாரிடம் கேட்டாய்? பக்கத்தில் இருந்தவனின் முகத்தைப் பார்த்தாய், அவ்வளவுதான். அந்தக் கண்டக்டரின் கதையை நீ யாருடைய காதுக்குள் சொல்லப் போகிறாய் என்று முதலில் நினைத்துப் பார். அந்த ஆள் கிடைத்துவிட்டால், அவர் பொறுக்க முடியாததும், அவருக்குச் சொல்லியே ஆக வேண்டியதும் தானாகத் தெரியவரும். அதற்குப் பிறகும் எழுதியவருக்குத் துரோகம் என்று தோன்றினால், ஜெர்மன் ஐயா செய்கிறபடி அவர் பெயரை உன் பெயருக்கு முன்னால் பெரிதாகப் போடு. யாராவது வந்து திட்டினால், என்னை அனுப்பு. கூட்டத்தில் எழுந்து நின்று சத்தம் போட எனக்கு இப்போது பழக்கம் வந்துவிட்டது.

மாத முடிவுக்குள் இந்தத் தாள்கள் உன்னிடம் வந்துவிடும் என்று தபால் கந்தோரில் சொன்னார்கள். முகவரியையும் நானே எழுதப் போகிறேன். பெர்லின் என்ற சொல்லை மட்டும் அவர்களுடைய எழுத்தில் எழுத ரீச்சர் காட்டித் தந்திருக்கிறார்.

கை விறைத்துவிட்டது. அம்மா விளக்கைப் போட வந்து, "இஞ்சாருங்கோ, இன்னும் முடியேல்லையோ? அவன் வாசிக்கிறதுக்குள்ள கிழவனாகிடுவான்" என்கிறார். முடியவில்லைதான். அக்காவைப் பற்றி உனக்கு நான் ஒற்றை வரியில்தான் சொல்லியிருக்கிறேன், வீட்டுக்குள்ளேயே முடிந்துவிட்டார் என்று. அவருடைய வீடு, அவர் ஏன் வரவில்லை, கடைசியாக அவரைக் கண்டவர்கள் என்ன சொன்னார்கள், எல்லாம் என்னிடம் இருக்கிறது. வாயால் சொல்ல வராததைக் கை சொல்லிப் பார்க்கட்டும். இந்தச் சனிக்கிழமை ரீச்சரிடம் இன்னும் கொஞ்சம் தாள் வாங்கிக்கொண்டு, வருகிற கிழமை அதை எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், ஒன்றையும் மாற்ற மாட்டேன். மாற்றுகிற வேலை உன்னுடையது. நீ எங்கே மாற்றினாலும் எனக்குச் சம்மதம். இந்த முறை உன் பக்கத்தில் இருந்து நான் சொல்கிறேன், நீ காதைக் கொடு.

உன் அன்பான,
அப்பா